கணக்கைத் தம் வீட்டிலிருந்து தொடங்கிய கலீஃபா

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! தேர்தல் வந்தால் யார் ஜெயிப்பார் என்று பேசுகிறோம். ஜெயிக்கத் தகுதியுள்ளவர் யார் என்று பேசுகிறோமா? அதற்கு அளவுகோலாக ஒரு மாமனிதரின் வாழ்வைப் பாருங்கள்.

உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் உமய்யா ஆட்சிக் குடும்பத்தில் பிறந்தவர்கள். தந்தை எகிப்தின் ஆளுநர். தாயோ, கலீஃபா உமர் (ரலி) அவர்களின் மகன் ஆஸிமுடைய மகள். இளமையில் உயர்ந்த ஆடையும் நறுமணமுமாகச் செல்வச் செழிப்பில் வாழ்ந்தவர்கள்.

ஹிஜ்ரி 87இல் மதீனாவின் ஆளுநராக வந்ததும், அவ்வூரின் மார்க்க அறிஞர்கள் பத்துப் பேரை அழைத்தார்கள். அவர்களைக் கலந்தே முடிவெடுப்பதாக உறுதி கூறினார்கள். அதிகாரிகள் யாராவது அநீதி செய்தால் உடனே தம்மிடம் சொல்லவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்கள். தம் ஆட்சியின் குறையைச் சொல்ல ஆள் தேடிய ஆளுநர் அவர்கள்!

ஹிஜ்ரி 99இல், கி.பி. 717இல், கலீஃபா சுலைமான் இறந்தார். அவர் எழுதிவைத்த சாசனத்தில் உமர் அவர்களின் பெயர் இருந்தது. மகிழ்ந்தார்களா? இல்லை, கலங்கினார்கள். மிம்பரில் ஏறி, தாம் கேட்காத பொறுப்பு இது என்று அறிவித்து, பைஅத்திலிருந்து மக்களை விடுவித்தார்கள். விரும்பியவரைத் தேர்ந்தெடுக்கும்படி சொன்னார்கள். மக்கள் அவர்களையே வேண்டும் என்றார்கள்.

அதன் பிறகுதான் கணக்கு தொடங்கியது. முதல் கணக்கு தம்முடையது. முறையின்றி வந்ததாகக் கருதிய நிலங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டாவது கணக்கு வீட்டுக்குள். மனைவி ஃபாத்திமா ஒரு கலீஃபாவின் மகள். தந்தை கொடுத்த நகையைப் பைத்துல்மாலில் சேர்த்தார். கணவர் இறந்தபின் ஆட்சிக்கு வந்த சகோதரர் அதைத் திருப்பித் தர முன்வந்தபோதும் வாங்க மறுத்தார். மூன்றாவது கணக்கு உறவினர்களுடையது. அவர்கள் வசமிருந்த சொத்துகள் உரியவர்களிடம் போயின. செல்வாக்குமிக்க ஆளுநர் யஸீத் பின் முஹல்லபும் தப்பவில்லை. போரில் கிடைத்த பொருளுக்கு அவரால் கணக்குக் காட்ட முடியாதபோது சிறையில் அடைத்தார்கள்.

ஆட்சி செய்தது ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள்தான். ஹிஜ்ரி 101இல், சுமார் நாற்பது வயதில் மறைந்தார்கள். ஆனால் இன்றும் நீதியான ஆட்சி என்றால் அவர்கள் பெயரைத்தான் சொல்கிறோம்.

சகோதரர்களே! இன்னொரு உமரை வேட்பாளர்களில் தேடினால் கிடைக்கமாட்டார். ஆனால் அவர்கள் காட்டிய வழியில் நீங்கள் கேள்வி கேட்கலாம். பதவிக்கு வருமுன் இவர் சொத்து எவ்வளவு, இப்போது எவ்வளவு? இவர் உறவினர்கள் எப்படிச் செழித்தார்கள்? குறை சொன்னவரை எப்படி நடத்தினார்? வேட்பாளர் தம் சொத்து, கடன், குற்ற வழக்கு விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். அதை நம்மில் எத்தனை பேர் படித்தோம்?

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஓட்டுக்குப் பணம் வாங்கியவர் எந்த முகத்தோடு கணக்குக் கேட்பார்? அவர் சாட்சியத்தை விற்றுவிட்டார். ஓட்டு ஓர் அமானிதம். ஆள்பவர் அல்லாஹ்விடம் பதில் சொல்வதுபோல், அவரை அனுப்பிய நாமும் பதில் சொல்லவேண்டும்.

அமானிதத்தைப் பேணி, தகுதியானவரைத் தேர்ந்தெடுக்கும் நல்லறிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.