பறக்காத மாதிரிக்கு முதல் பரிசு

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்வோரிடம் ஒரு கணக்கு உண்டு. அச்சிலிருந்து எடுத்த அளவிலேயே எந்தப் பொம்மையும் சூளையை விட்டு வெளிவருவதில்லை. காயும்போதும் வேகும்போதும் களிமண் சுருங்கும். ஆகவே, அச்சை முதலிலேயே சற்றுப் பெரிதாகச் செய்துவிடுவார்கள். அளவை மாற்றினால் வேறு பலவும் சேர்ந்து மாறும் என்பதை அவர்கள் ஏட்டில் படித்து அறிந்தவர்கள் அல்லர்; விரிசல் விட்ட பொம்மைகளிடமிருந்து கற்றவர்கள்.

இவ்வூர்ப் பகுதியில் பள்ளி அறிவியல் கண்காட்சி ஒன்றுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு நடுவராகச் சென்றிருந்தேன். தெர்மோகோலில் செய்து வெள்ளி வண்ணம் பூசப்பட்ட போர் விமான மாதிரிக்கு முதல் பரிசு கொடுத்தோம். அது மேசையை விட்டு எழாது. மூங்கில் சிம்பும் செய்தித்தாளும் கொண்டு ஒரு மாணவர் செய்திருந்த மாதிரி, பத்தடி தூரம் பறந்து மூக்குக் குத்தி விழுந்தது. அதற்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. வில்பர் ரைட்டின் வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் அந்த மூங்கில் விமானம் நினைவுக்கு வந்து என்னை உறுத்துகிறது.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 1867 ஏப்ரல் 16 அன்று பிறந்தவர் வில்பர். தந்தை மில்டன், திருச்சபை ஒன்றின் பேராயர். 1878-இல் அவர் 11 வயது வில்பருக்கும் 7 வயது தம்பி ஆர்வில்லுக்கும் ஒரு விளையாட்டுப் பொருள் வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், காகிதம் ஆகியவற்றால் ஆன அது, முறுக்கிவிட்ட ரப்பர் பட்டையின் விசையால் கூரை வரை எழும்பியது. பிரான்ஸின் அல்போன்ஸ் பெனோ வகுத்த வடிவம் அது.

பொம்மை உடைந்ததும் சகோதரர்கள் தாங்களே அதுபோன்று செய்தனர்; பறந்தது. இன்னும் பெரிதாகச் செய்தனர், பறக்க மறுத்தது. காரணம் பின்னாளில்தான் அவர்களுக்கு விளங்கியது. ஒரு பொருளின் நீள, அகல, உயரங்களை இரு மடங்காக்கினால் அதன் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகிவிடும். சிறுவயதுத் தோல்விக்குள் இருந்தது விமானவியலின் அடிப்படைப் பாடம்.

வில்பரின் இளமை எளிதாக அமையவில்லை. பதினெட்டாம் வயதில் பனிக்கட்டி மீது ஹாக்கி ஆடியபோது மட்டை முகத்தில் பட்டுப் பற்களை இழந்தார். யேல் பல்கலைக்கழகக் கனவு அத்துடன் கலைந்தது. காசநோயால் வாடிய தாயை உடனிருந்து கவனித்துக்கொண்டு, வீட்டு நூலகத்தைப் படித்துத் தீர்த்தார். 1889-இல் தாய் மறைந்தார். பின்னர் டேட்டன் நகரில் தம்பியுடன் அச்சகமும், 1892-இல் மிதிவண்டிக் கடையும் நடத்தினார்.

1896-இல் ஜெர்மனியின் ஓட்டோ லிலியென்தால் மிதவை விமானத்திலிருந்து விழுந்து இறந்த செய்தி, வில்பரின் பழைய ஆர்வத்தைக் கிளறியது. 1899 மே மாதம் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி நூல்கள் கேட்டார். காலியான டியூப் பெட்டி ஒன்றைக் கையில் வைத்து முறுக்கியபோது, இறக்கையையும் அவ்வாறே முறுக்கி விமானத்தின் சாய்வைக் கட்டுப்படுத்தலாம் என்று அவருக்குத் தோன்றியது. அவ்வாண்டு ஜூலையில், ஐந்தடி அகல இறக்கைகள் கொண்ட பட்டம் ஒன்றைச் செய்து அதைச் சோதித்தார். உலகின் முதல் விமானத்துக்கு அந்தப் பட்டமே முதல் மாதிரி.

ஆனால், 1901-இல் கட்டிய ஆள் ஏறும் மிதவை விமானம் ஏமாற்றியது. கணக்கிட்ட தூக்குவிசையில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது. மனம் தளர்ந்து ஊர் திரும்பிய வில்பர், பெரிய விமானத்தை விட்டுச் சிறிய மாதிரிக்குத் திரும்பினார். ஆறடி நீள மரப்பெட்டியில் காற்றைச் செலுத்தி, சில அங்குலமே உள்ள சுமார் 200 இறக்கை மாதிரிகளைச் சகோதரர்கள் சோதித்தனர். மிதிவண்டிக் கம்பிகளும் ரம்பத் தகடுகளுமே அவர்களின் அளவுகருவி. முன்னோர் தந்த அட்டவணையை நம்பாமல் தமக்கான அட்டவணையை அவர்கள் எழுதிக்கொண்டது அப்போதுதான்.

இதே காலத்தில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலர் சாமுவேல் லாங்லியின் ஆளில்லா நீராவி மாதிரி 1896-இலேயே அரை மைலுக்கு மேல் பறந்திருந்தது. அரசு அவருக்கு 50,000 டாலர் அளித்தது. வெற்றி பெற்ற மாதிரியை அவர் ஏறக்குறைய அப்படியே பெரிதாக்கினார். 1903-இல் இருமுறை முயன்றும் அது ஆற்றில் விழுந்தது. இரண்டாவது வீழ்ச்சி டிசம்பர் 8-இல். ஒன்பது நாள் கழித்து, ஆயிரம் டாலருக்கும் குறைந்த செலவில் உருவான ரைட் விமானம் கிட்டி ஹாக் கடற்கரையில் எழுந்தது. முதலில் ஆர்வில் 12 விநாடி. அன்றைய நான்காவது முறையில் வில்பர் 59 விநாடி, 852 அடி.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இந்த ஒப்பீடு எனக்குப் புதிதன்று. ஒரு வட்டாரத்தில் வெற்றி பெற்ற முன்னோட்டத் திட்டத்தை அப்படியே மாநிலம் முழுவதும் விரித்துத் தோற்பதை நாம் பார்க்கிறோமே! லாங்லிக்கு மாதிரி என்பது சிறிய விமானம். வில்பருக்கோ அது, குறைந்த செலவில் கேட்கப்பட்ட கேள்வி.

வில்பரின் இறுதி ஆண்டுகள் காப்புரிமை வழக்குகளில் கரைந்தன. 1912 மே 30 அன்று, 45-ஆம் வயதில் டைபாய்டு காய்ச்சலால் மறைந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

முதல் மாதிரி விமானத்தைச் செய்யும் மாணவருக்கு விலை உயர்ந்த பெட்டி தேவையில்லை. மூங்கில் சிம்பு, காகிதம், மூக்கில் ஒட்ட ஓர் உருண்டை களிமண் போதும். களிமண்ணுக்கு விருத்தாசலத்தில் பஞ்சமில்லை. களிமண்ணைக் கூட்டியும் குறைத்தும் எறிந்து பார்க்கட்டும். ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, விழுந்த தூரத்தைக் குறிப்பேட்டில் எழுதட்டும்.

கண்காட்சிகளில் நடுவர்களாக அமர்வோர் அந்தக் குறிப்பேட்டை முதலில் கேட்க வேண்டும். அன்று நான் கேட்கவில்லை. மூக்குக் குத்தி விழுந்தது ஏன் என்று அந்த மாணவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பரிசு யாருக்கு என்பது எனக்குத் தெரிந்திருக்கும்.