இசை வளர்த்த குருவானவர்

போலந்து நாட்டில் போஸ்னான் என்றொரு நகரம் உள்ளது. அந்நகரில் வார்த்தா ஆற்றின் நடுவே ஒரு தீவு, அத்தீவில் அர்ச். இராயப்பர், சின்னப்பர் பெயரால் எழுந்த பேராலயம். போலந்தின் பேராலயங்களுள் இதுவே மிகப் பழமையானது. இதன் பாடகர் குழுவைக் கண்ணும் கருத்துமாய் வளர்த்துப் புகழ் பெறச் செய்தவர் வாத்ஸ்வாவ் கீபுரோவ்ஸ்கி சுவாமி. பள்ளிப் பாடகர் குழுவில் பாடும் மாணவிகளாகிய நாங்கள், அவருடைய வாழ்க்கையை இங்கே சுருக்கமாகக் கூற விரும்புகிறோம்.

கீபுரோவ்ஸ்கி 1878-ஆம் ஆண்டில் பிட்கோஷ்ச் என்னும் ஊரில் பிறந்தார். அக்காலத்தில் உலகப் படத்தில் போலந்து என்ற நாடே இல்லை. மூன்று பேரரசுகள் அதைப் பங்கிட்டுக் கொண்டிருந்தன. பிட்கோஷ்சும் போஸ்னானும் ஜெர்மானியர் ஆட்சியில் இருந்தன. போஸ்னானுக்கு அருகிலுள்ள விரெஷ்னியா என்ற ஊரில், 1901-இல், ஞானோபதேசத்தை ஜெர்மன் மொழியில் கற்க மறுத்த பள்ளிக் குழந்தைகள் பிரம்படி பட்டார்கள். தாய்மொழியில் செபிப்பதற்குக்கூட அடி வாங்க வேண்டியிருந்த காலம் அது!

குருத்துவப் படிப்போடு இசையையும் அவர் விரும்பிக் கற்றார். தேவாலய இசைக்குப் பெயர் பெற்ற ரேகன்ஸ்பர்க் நகரப் பள்ளியில் பயின்றார். பழைய போலிஷ் இசைநூல் ஒன்றை ஆராய்ந்து டாக்டர் பட்டமும் பெற்றார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, போஸ்னான் பேராலயப் பாடகர் குழுவின் பொறுப்பு அவரிடம் வந்தது.

அக்குழுவில் மேற்குரல்களைச் சிறுவர்களும் கீழ்க்குரல்களை ஆடவரும் பாடினர். பெண்களுக்கு அங்கே இடமில்லை. பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் 1903-இல் வகுத்த விதி அவ்வாறு இருந்தது. இதைப் படித்தபோது எங்களுக்குச் சற்று வருத்தமாகத்தான் இருந்தது. 1955-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவ்விதியைத் தளர்த்தினார் என்று அறிந்த பின்பே மனம் ஆறினோம்!

சிறுவர் குழுவை நடத்துவது எளிதன்று. பல ஆண்டுகள் பாடுபட்டு ஒரு சிறுவனுக்குப் பயிற்சி அளித்தால், பதின்மூன்று, பதினான்கு வயதில் அவன் குரல் உடைந்துவிடும். மீண்டும் ஒரு சின்னஞ் சிறுவனோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். கீபுரோவ்ஸ்கி சுவாமி இதை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சலிப்பின்றிச் செய்தார். அதோடு, மறந்துபோன பழைய போலிஷ் ஆலய இசையைத் தேடிப் பதிப்பித்தார். சுதந்திரம் பெற்ற நாட்டுக்குத் தன் முன்னோரின் பாடல்கள் மீண்டும் கிடைத்தன.

1939 செப்டம்பரில் ஜெர்மானியப் படை மீண்டும் போலந்துக்குள் புகுந்தது. பேராலயம் மூடப்பட்டது, குழு கலைந்தது. சுவாமி கைது செய்யப்பட்டார். பின்னர் சொந்த ஊர்ப் பக்கம் திரும்ப வழியின்றி வார்சா நகரில் வாழ்ந்து, 1943 செப்டம்பரில் அங்கேயே இறைவனடி சேர்ந்தார். போர் முடிவதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அவருடைய உழைப்பு அத்துடன் அழிந்துவிட்டதா? இல்லை. அவருடைய குழுவில் பாடி வளர்ந்தவர் ஸ்டெபான் ஸ்டூலிகிரோஷ். போர் தொடங்கியபோது இவருக்கு வயது 19. சிறுவயதுக் குரல் எப்போதோ உடைந்து போயிருந்தது. ஆனால் கற்றது நெஞ்சில் இருந்தது. அந்த இளைஞர் சிறுவர்களைக் கூட்டி மறைவாகப் பாடப் பழக்கினார். போலிஷ் மக்களின் பள்ளிகளும் சங்கங்களும் மூடப்பட்டிருந்த நேரத்தில் அது உயிரைப் பணயம் வைத்த செயல்.

1945-இல் நடந்த சண்டையில் பேராலயம் தீப்பற்றி எரிந்தது. ஆனால் குழு பிழைத்து வெளிவந்தது. 1950-இல் அது போஸ்னான் பில்ஹார்மோனிக் என்னும் இசை நிறுவனத்தோடு இணைந்தது. பிறகு பல நாடுகளுக்கும் சென்று பாடி, போஸ்னான் நைட்டிங்கேல்கள் என்று புகழ் பெற்றது. நைட்டிங்கேல் என்பது இரவிலும் பாடும் சிறு பறவை. இருண்ட காலத்தில் பாடிய குழுவுக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! ஸ்டூலிகிரோஷ் 2012-இல், தம் 91-ஆம் வயதில் இறக்கும்வரை அக்குழுவை நடத்தினார்.

கீபுரோவ்ஸ்கி சுவாமிக்குப் பெரும் புகழைத் தேடித் தந்தவை அவர் நடத்திய கச்சேரிகள் மட்டுமல்ல என்று நாங்கள் நினைக்கிறோம். தாம் இல்லாதபோதும் பாடக்கூடிய ஒருவரை அவர் உருவாக்கி வைத்தார். அதுவே அவருடைய பெருமை.

இந்த ஆண்டோடு பத்தாம் வகுப்பினராகிய எங்களில் பலர் குழுவை விட்டுப் பிரிகிறோம். திருநாள் பூசையில் இரண்டாம் குரலை யார் பாடுவார்கள் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். இக்கட்டுரையை எழுதிய பின் ஒரு முடிவுக்கு வந்துள்ளோம். இனிச் சனிக்கிழமைதோறும் ஆறாம் வகுப்புத் தங்கைகளுக்கு நாங்களே பாட்டுச் சொல்லிக் கொடுக்கப் போகிறோம். ஆர்வமுள்ள தங்கைகளே, தயங்காமல் வாருங்கள்!

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி