இரைச்சலை வென்ற கிரகாம் பெல்



டெலிபோனைக் கண்டுபிடித்தவர் யாருன்னு கேட்டால் சின்னப் பிள்ளைகூட அலெக்சாண்டர் கிரகாம் பெல்னு சொல்லிவிடும். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். போன மாசம் நம்ம கம்ப்யூட்டர் அறையில் எலி கடித்துப் போட்ட கேபிளை அறிவியல் சார் பிரித்துக் காட்டினார். உள்ளே 8 கம்பிகள். இரண்டு இரண்டாக, கயிறு திரிச்ச மாதிரி முறுக்கி இருந்தன. ஏன் சார் முறுக்கி இருக்குன்னு கேட்டேன். அதற்கும் பெல்தான் காரணம் என்றார். எனக்கு ஒரே ஆச்சரியம்!

அவரைப் பற்றிப் படிக்க இன்னொரு காரணமும் உண்டு. என் தம்பிக்குக் காது சரியாகக் கேட்காது. காதில் மெஷின் போட்டிருக்கிறான். அது நாம் பேசுவதையும் பெரிசாக்கும், மிக்ஸி சத்தத்தையும் பெரிசாக்கும். பாவம், திணறிப் போவான்.

பெல் 1847ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் பிறந்தார். அவருடைய அம்மாவுக்கும் காது சரியாகக் கேட்காது. மற்றவர்கள் அந்த அம்மாவிடம் குழல் வைத்துச் சத்தமாகப் பேசுவார்களாம். பெல் மட்டும் நெற்றிக்குப் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் பேசுவாராம். அம்மாவுக்கு அது புரியுமாம். அப்பாவோ காது கேளாதவர்களுக்குப் பேச்சுச் சொல்லித்தர ஒரு எழுத்து முறையையே உண்டாக்கியவர்.

அண்ணன், தம்பி இரண்டு பேரையும் காசநோய் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருந்த ஒரே பிள்ளையையாவது காப்பாற்ற வேண்டுமென்று 1870இல் பெற்றோர் கனடாவுக்குக் கூட்டிப் போனார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் காது கேளாத பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். அவரிடம் படித்த மேபல் என்பவரையே 1877இல் மணந்தார். மேபலுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. உலகத்துக்கே டெலிபோன் தந்தவரின் அம்மாவாலும் மனைவியாலும் அதில் கேட்க முடியவில்லை என்பதை நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

1876 மார்ச் 10ஆம் நாள் பெல் கருவியில் பேசினார். அடுத்த அறையில் இருந்த உதவியாளர் வாட்சனுக்கு அது கேட்டது. அதுவரை நமக்குப் பாடத்தில் வரும் கதை. அதற்குப் பிறகுதான் பெரிய தொல்லை!

அந்தக் காலத்தில் டெலிபோனுக்கு ஒரே கம்பிதான். மின்சாரம் பூமி வழியாகத் திரும்பி வரும். பக்கத்திலேயே தந்திக் கம்பிகளும் ஓடும். ஒரு கம்பியில் மின்சாரம் மாறும்போது பக்கத்துக் கம்பியிலும் மின்சாரம் உண்டாகும். அதனால் டெலிபோனைக் காதில் வைத்தால் தந்தியின் டிக் டிக் சத்தமும், வேறு யாரோ பேசுவதும் சேர்ந்தே கேட்கும். இங்கே சத்தமாகப் பேசினால் மட்டும் போதுமா? போதாது.

பெல் என்ன செய்தார் தெரியுமா? ஒரு கம்பிக்குப் பதில் இரண்டு கம்பி போட்டு, இரண்டையும் முறுக்கிவிட்டார். 1881இல் இதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கம்பியில் +5, இன்னொன்றில் -5 என்று செய்தி அனுப்புகிறோம். வழியில் இரைச்சல் இரண்டிலும் +3 சேர்க்கிறது. இப்போது +8, -2. வாங்குகிற கருவி ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். 8 - (-2) = 10. இரைச்சல் இல்லாவிட்டாலும் 5 - (-5) = 10தான்! இரைச்சல் மாயமாகப் போச்சு. இரண்டு கம்பியிலும் இரைச்சல் சமமாக விழவேண்டும் என்பதற்குத்தான் முறுக்கு. முறுக்கினால் இரண்டும் மாறி மாறி இரைச்சலுக்குப் பக்கத்தில் வரும்.

இரண்டு கம்பி என்றால் செலவும் கூடும் அல்லவா? அதனால் உடனே எல்லாரும் மாறவில்லை. மின்சார டிராம்கள் ஓடத் தொடங்கி இரைச்சல் தாங்க முடியாமல் போனபோது மாறினார்கள்.

இன்று நம் கேபிளில் நொடிக்கு 100 கோடி பிட் போனாலும் கழிக்கும் முறை அதேதான். வேகம் கூடக் கூட கவனமும் கூட வேண்டும். இரண்டு கம்பியும் ஒரே நீளம் இருக்கவேண்டும். ஒன்றில் செய்தி பிந்தி வந்தால் கழித்தல் தப்பாகிவிடும். கிணத்துக்குள் கத்தினால் சத்தம் திரும்பி வருமே, அதுபோல் செய்தி எதிரொலிக்காமல் இருக்க, கடைசியில் சுமார் 100 ஓம் மின்தடை வைப்பார்கள். 4 ஜோடிகளையும் வேறு வேறு நெருக்கத்தில் முறுக்குவதால் ஒரு ஜோடியின் செய்தி இன்னொன்றில் கலப்பது குறையும்.

பெல்லிடம் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. காது கேளாத பிள்ளைகள் சைகை மொழியை விட்டு வாயால்தான் பேசவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அது பலரைப் புண்படுத்தியது. என் தம்பியும் அம்மாவும் கைச்சாடையில் பேசிச் சிரிப்பதை அவர் பார்த்திருக்க வேண்டும்!

1922 ஆகஸ்ட் 2ஆம் நாள் கனடாவில் தம் வீட்டில் பெல் காலமானார். அவரை அடக்கம் செய்தபோது வட அமெரிக்கா முழுவதும் டெலிபோன்கள் ஒரு நிமிடம் ஒலிக்காமல் நின்றன. வாழ்நாளெல்லாம் இரைச்சலோடு போராடியவருக்கு அதைவிட நல்ல மரியாதை வேறென்ன?

முன்பெல்லாம் தம்பிக்குக் கேட்கவில்லை என்றால் நான் கத்துவேன். அவன் முகம் வாடிப்போகும். இப்போது டி.வி.யை அணைத்துவிட்டு, அவன் எதிரில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுகிறேன். அவனுக்குப் புரிகிறது. நீங்களும் அவனிடம் அப்படியே பேசுங்கள்.



— 9ஆம் வகுப்பு மாணவி