சிரிப்பால் சிந்திக்க வைத்தவர்

அமெரிக்க நாட்டின் பேராறுகளுள் ஒன்று மிசிசிப்பி. அதில் நீராவிப் படகுகள் சென்ற காலத்தில், படகின் முன்புறம் நிற்கும் பணியாளர் எடை கட்டிய கயிற்றை நீரில் இறக்கி ஆழம் பார்ப்பார். ஆழம் 12 அடி இருப்பின் 'மார்க் ட்வைன்' எனக் குரல் கொடுப்பார். படகு தரைதட்டாது செல்லும் என்பது அதன் பொருள். அக்குரலையே தம் புனைபெயராக்கிக் கொண்டவர் சாமுவேல் லாங்ஹார்ன் கிளெமென்ஸ்.

இவர் 1835ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் மிசௌரி மாநிலத்தில் பிறந்தார். நான்கு வயதில் குடும்பத்துடன் ஹானிபல் என்னும் ஆற்றங்கரைச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். 11 வயதில் தந்தையை இழந்தார். பின்னர்ப் பள்ளியை விட்டு, அச்சுக்கோக்கும் தொழிலைக் கற்றார். 1859இல் படகு செலுத்தும் உரிமம் பெற்றார். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டதால் ஆற்றுப் போக்குவரத்து நின்றது. அவருடைய தொழிலும் நின்றது.

அரசுப் பணி ஏற்று நெவாடாவுக்குச் சென்ற தமையன் ஓரியனுடன் அவரும் மேற்குத் திசை நோக்கிப் பயணமானார். வெள்ளி தோண்டிச் செல்வராகலாம் என்று எண்ணினார். கிடைத்ததோ வெறும் களைப்பே. எனவே, ஒரு செய்தித்தாளில் எழுதலானார். 1863இல் புனைபெயரைச் சூடினார். துள்ளும் தவளையைப் பற்றி 1865இல் அவர் எழுதிய கதை நாடெங்கும் சிரிப்பலையை எழுப்பியது. தம் மேற்குத்திசை அலைச்சலை 1872இல் நகைச்சுவை நூலாக்கினார். அதில் அவர் மிகுதியும் எள்ளியது தம்மையே.

பிறந்த மண்ணை விட்டுத் தொலைவில் வாழ்ந்தபோதும் ஹானிபல் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1876இல் வெளிவந்த 'டாம் சாயர்' நாவலில் அவ்வூர் வேறு பெயரில் உயிர்பெற்றது. வேலிக்கு வெள்ளையடிக்கும் தண்டனையை விளையாட்டுப் போல் காட்டி, நண்பர்களிடம் பொருளும் பெற்று, அவர்களையே வேலை செய்ய வைக்கும் டாமை மறக்க இயலுமா?

பின்னாளில் வந்தது 'ஹக்கிள்பெரி ஃபின்'. அதனைப் பேச்சு மொழியிலேயே எழுதினார். அவர் வளர்ந்த ஊரில் கறுப்பின மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர். அதனைப் பெரியோர் தவறென்று கருதவில்லை. அச்சூழலில் வளர்ந்த சிறுவன் ஹக், தப்பியோடிய அடிமை ஜிம்மைக் காட்டிக் கொடுக்க மடல் எழுதுகிறான். பின்னர் ஜிம்மின் அன்பை நினைத்து அம்மடலைக் கிழித்தெறிகிறான். ஊரார் சொல்லும் அறத்தினும் உள்ளம் காட்டும் அறம் உயர்ந்தது என்பதை ஒரு சிறுவன் வாயிலாக அவர் உணர்த்தினார்.

அச்சுக்கோக்கும் பொறி ஒன்றில் முதலீடு செய்து பெரும்பொருள் இழந்தார். 1894இல் அவருடைய பதிப்பகமும் நொடித்தது. சட்டப்படி முழுக்கடனையும் தீர்க்க வேண்டியதில்லை. ஆயினும், அவரும் மனைவி ஒலிவியாவும் அனைத்தையும் அடைக்க உறுதி பூண்டனர். ஏறத்தாழ அறுபது வயதில் உலகெங்கும் சென்று சொற்பொழிவாற்றினார். 1896இல் இந்தியா வந்து மும்பை, காசி, கல்கத்தா, டார்ஜிலிங் முதலிய இடங்களைக் கண்டார். அவ்வாண்டே மகள் சூசி நோயுற்று மறைந்தாள். அத்துயரிலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. கடன் முழுவதையும் தீர்த்தார்.

ஹாலி வால்மீன் தோன்றிய ஆண்டில் பிறந்த அவர், அது மீண்டும் தோன்றிய 1910இல் ஏப்ரல் 21ஆம் நாள் மறைந்தார். பிறரைச் சிரிக்க வைத்தவர், தம் கடமையை மட்டும் விளையாட்டாகக் கொள்ளவில்லை.

அருஞ்சொற்பொருள்
தமையன் – அண்ணன்
எள்ளுதல் – கேலி செய்தல்
நொடித்தல் – பொருள் இழந்து வீழ்தல்

வினாக்கள்
1. 'மார்க் ட்வைன்' என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது?
2. ஹக் மடலைக் கிழித்தது ஏன்? அவன் செயல் சரியா? உம் கருத்தை எழுதுக.
3. உம் குடும்பத்தாரின் சொந்த ஊரைப் பற்றிக் கேட்டறிந்து, நகைச்சுவை கலந்து பத்து வரிகள் எழுதுக.