ஏன் என்ற கேள்வியோடு நடந்தவர்: டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்

வீட்டில் ஒருவருக்கு நோய் கடுமையாகிவிட்டால் வேலூருக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்ற பேச்சு எழுவதை நாம் சிறுவயது முதலே கேட்டு வளர்ந்தோம். அந்த வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் குடும்பத்துக்கும் எமது மண்ணுக்கும் உறவுண்டு. அவரது பாட்டனார் டாக்டர் ஜோன் ஸ்கடர், யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பணிபுரிந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர். ஜோன் என்ற அதே பெயரைக் கொண்ட தந்தையார் 1835 இல் பண்டத்தரிப்பிலேயே பிறந்தவர்.

ஐடா 1870 டிசெம்பர் 9 ஆந் திகதி தமிழ்நாட்டின் ராணிப்பேட்டையில் பிறந்தார். பஞ்ச காலத்தில் பட்டினியால் வாடிய பிள்ளைகளைச் சிறுமியாகவே கண்டார். பின்னர் அமெரிக்காவில் கல்வி கற்ற அவருக்கு மிஷனரியாகும் எண்ணம் சிறிதும் இருக்கவில்லை. வசதியான இல்வாழ்க்கையையே விரும்பினார். தாயார் சுகவீனமுற்றபடியால், அவருக்கு உதவியாகச் சில காலம் இருந்து திரும்பும் நோக்கத்துடன் திண்டிவனம் வந்தார்.

அங்கேதான் அந்த இரவு வந்தது. பிராமணர் ஒருவர், இஸ்லாமியர் ஒருவர், இன்னுமோர் இந்துக் குடும்பத்தவர் என மூவர் ஒருவர்பின் ஒருவராக அவர் வாசலுக்கு வந்தனர். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். தந்தையாரை அழைத்துச் செல்லும்படி ஐடா வேண்டினார். அந்நிய ஆண் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதை அவர்கள் ஏற்கவில்லை. ஐடாவே வரவேண்டும் என மன்றாடினர். அவருக்கோ வைத்தியம் தெரியாது. மூவரும் வெறுங்கையுடன் திரும்பினர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது.

உதவி தேடி வந்தவர்களை ஆண்டவர் ஏன் தமது வாசலுக்கே அனுப்பினார்? அனுப்பியவர் உதவும் ஆற்றலை ஏன் தரவில்லை? அந்த இரவு ஐடா ஜெபித்தார். வேதனைக்கு விளக்கம் கிடைக்கவில்லை. தாம் செய்யவேண்டியது மட்டும் தெளிவாயிற்று. வைத்தியம் கற்கப் போவதாகப் பெற்றோரிடம் தெரிவித்தார்.

1899 இல் கோர்னெல் வைத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பெண்களுக்கான வைத்தியசாலை ஒன்றைக் கட்டுவதற்கு நியூயோர்க் வங்கியாளர் ஒருவர் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டொலர் நன்கொடையுடன் 1900 இல் இந்தியா திரும்பினார். தந்தையாரின் அருகில் இருந்து அனுபவம் பெறலாம் என்பது அவரது நம்பிக்கை. சில மாதங்களிலேயே தந்தையார் காலமானார். வழிகாட்ட ஒருவருமில்லை. இளம் பெண் வைத்தியரை நம்பி மக்கள் வரவும் தயங்கினர். ஏன் என்ற கேள்வி மறுபடியும் அவர் முன் நின்றது.

கேள்வியை மனதில் வைத்துக்கொண்டே, வந்த நோயாளிகளைச் சிறிய அறையொன்றில் கவனிக்கத் தொடங்கினார். 1902 இல் 40 கட்டில்களுடன் மேரி டேபர் ஷெல் வைத்தியசாலை திறக்கப்பட்டது. வைத்தியசாலைக்கு வரமுடியாதவர்களைத் தேடி வீதியோரங்களில் மரநிழல்களில் வைத்தியம் செய்தார். 1909 இல் தாதியர் பயிற்சியை ஆரம்பித்தார். தமது இரு கைகளால் எத்தனை திண்டிவனங்களைக் காக்கமுடியும் என எண்ணி, 1918 இல் பெண்களுக்கான வைத்தியப் பாடசாலையை நிறுவினார். 1922 இல் முதல் அணியாகப் 14 பெண்கள் வைத்தியர்களாக வெளியேறினர்.

1930களின் பிற்பகுதியில் இன்னுமொரு சோதனை வந்தது. பல்கலைக்கழகப் பட்டத்துக்குரிய தரம் இல்லாத வைத்தியப் பாடசாலைகள் தொடரமுடியாது என்ற நிலை ஏற்பட்டது. கட்டிய யாவும் அழிந்துபோகுமோ என்ற வேளையில், எழுபதை அண்மித்த வயதிலும் அவர் நிதி திரட்ட அமெரிக்கா சென்றார். 1942 இல் அந்நிறுவனம் பட்டக் கல்லூரியாக உயர்ந்தது. பின்னர் ஆண் மாணவர்களும் சேர்ந்தனர். அம்மையார் 1960 மே மாதத்தில், 89 வயதில், கொடைக்கானலில் இறையடி சேர்ந்தார்.

வேலூர் எழும்பவே அந்த மூவரும் இறந்தனர் என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுவர். வைத்தியர்களான நாம் அப்படிச் சொல்லத் துணியமாட்டோம். பிரசவ அறைக்கு வெளியே காத்திருக்கும் கணவனிடம் துயரச் செய்தியைச் சொல்ல நேர்ந்தவர்களுக்கு அது ஏனென்று தெரியும். அந்த மூன்று வீடுகளுக்கும் வேலூர் ஈடாகாது. தாயை இழந்த வீட்டுக்கு நூறு வைத்தியசாலைகளும் தாயாகமாட்டா. அவர்களின் கணக்கு ஆண்டவரிடமே இருக்கிறது. யோபுவும் கேட்டார், காரணம் அவருக்குச் சொல்லப்படவில்லை, ஆண்டவரே அவரைச் சந்தித்தார். சிலுவையில் தொங்கிய எம் இரட்சகரும் ஏன் என்று கேட்டார். ஆகவே கேட்பது அவிசுவாசமாகாது.

தேவ நோக்கத்தை நம்புவதென்றால் அதை முழுதும் அறிந்துகொள்வது என்றே நாம் பாடசாலை நாட்களில் எண்ணியிருந்தோம். ஐடா அம்மையாரின் வாழ்வு எம்மைத் திருத்தியது. காரணம் தெரியாமலே, கண்முன் இருக்கும் அடுத்த கடமையை ஆண்டவர் கையிலிருந்து பெற்றுக்கொள்வதும் விசுவாசமே. யுத்தத்திலும் கடற்கோளிலும் இழந்தவர்களை எண்ணி ஏன் என்று இன்னமும் கேட்கும் சகோதரிகள் எம்மிடையே பலர். அவர்களுக்கு விளக்கம் சொல்ல நாம் முந்தாதிருப்போம். வாசலில் வந்து தட்டுபவருக்குக் கதவைத் திறக்க மட்டும் பிந்தாதிருப்போம்.