ஆட்டுப்பாலும் ராட்டைச் சத்தமும்

1918-ம் ஆண்டு. முதல் உலகப்போர் நடந்து கொண்டிருந்த சமயம். குஜராத்தின் கேடா ஜில்லாவில் காந்திஜி ஊர் ஊராகப் போய்ப் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்துக் கொண்டிருந்தார். டில்லியில் வைஸ்ராய் செம்ஸ்போர்டு பிரபு கூட்டிய மாநாட்டில் அந்தப் பொறுப்பை அவர் ஏற்றிருந்தார். அவருக்கு அப்போது 49 வயது நிறையவில்லை.

அதே ஜில்லாவில் சில மாதங்களுக்கு முன்புதான், விளைச்சல் பொய்த்து வரி கட்ட முடியாத குடியானவர்களுக்காக அவர் சத்தியாக்கிரகம் நடத்தியிருந்தார். அப்போது வண்டி வேண்டும் என்றால் காசு வாங்காமல் கட்டிக் கொடுத்தவர்கள், இப்போது வாடகை கொடுத்தாலும் வண்டி தர மறுத்தார்கள். அகிம்சை பேசுகிறவரே துப்பாக்கி தூக்கச் சொல்கிறாரே என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

வண்டி இல்லாததால் காந்திஜியும் தொண்டர்களும் நடந்தே போனார்கள். ஒரு நாளைக்கு 20 மைல் வரை நடை. சாப்பாடு கொடுப்பாரும் இல்லை. ஆளுக்கொரு பையில் உணவைக் கட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. காந்திஜியின் முக்கிய ஆகாரம் வேர்க்கடலையை அரைத்த விழுதும் எலுமிச்சம்பழமும்தான். அலைச்சலும் அந்த ஆகாரமும் சேர்ந்து உடம்பைக் கெடுத்தன. லேசாகச் சீதபேதி கண்டது.

பட்டினி கிடந்தால் சரியாகிவிடும் என்பது அவருடைய வைத்தியம். முதலில் சரியாகத்தான் வந்தது. அதற்குள் ஒரு பண்டிகை நாள். கஸ்தூரிபா கோதுமையில் இனிப்புக் கஞ்சி காய்ச்சி வைத்திருந்தார். பாலும் நெய்யும் கணவர் தொடமாட்டார் என்பதால் எண்ணெய் விட்டுச் செய்தது. மனைவியின் மனம் கோணக்கூடாது என்று கொஞ்சம் சாப்பிட உட்கார்ந்தவர், நாக்குக்கு ருசியாக இருக்கவே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டார். ஒரு மணி நேரத்தில் வயிற்றைப் பிசைந்து கொண்டு வந்தது.

அன்று இரவு நதியாத்துக்குப் போக வேண்டும். சபர்மதி ஸ்டேஷன் வரை வலியோடு நடந்தார். ஆமதாபாத்தில் வல்லபாய் பட்டேல் வந்து சேர்ந்துகொண்டார். நதியாத்தில் தங்கிய அனாதை ஆசிரமத்தை அடைவதற்குள் உயிர் போய் வந்தது. ஒரு நாளில் முப்பது, நாற்பது தடவை பேதி. மருந்து வேண்டாம், ஊசி வேண்டாம் என்று பிடிவாதம் வேறு. ஊசி மருந்து என்றால் பிராணிகளிடமிருந்து எடுப்பது என்று அவர் நினைத்திருந்தார். அது அறியாமை என்று பிற்பாடு அவரே எழுதினார்.

ஆமதாபாத் மில் முதலாளி அம்பாலால் சாராபாய் மனைவியுடன் நதியாத்துக்கு வந்து, தங்கள் மாளிகைக்கு அழைத்துப் போனார். வீட்டு மனிதர்களைப் போல் கவனித்துக் கொண்டார்கள். காந்திஜிக்கோ அங்கே இருப்புக் கொள்ளவில்லை. சாவதானால் ஆசிரமத்தில் சாகலாம் என்று தோன்றியது. அங்கேயே கொண்டு போகச் சொன்னார்.

ஆசிரமத்தில் படுத்துக் கிடந்தபோது வல்லபாய் வந்து ஒரு செய்தி சொன்னார். ஜெர்மனி தோற்றுவிட்டது; இனி ஆள் சேர்க்க வேண்டியதில்லை என்று கமிஷனர் தெரிவித்துவிட்டார். எந்த வேலைக்காக உடம்பைக் கெடுத்துக் கொண்டாரோ அந்த வேலையே இல்லாமல் போயிற்று.

ஒரு நாள் இரவு, விடிவதற்குள் உயிர் போய்விடும் என்று அவருக்கு நிச்சயமாகத் தோன்றியது. அனுசூயா பென்னுக்குச் சொல்லி அனுப்பினார். அவர் ஓடி வந்தார். வல்லபாய் டாக்டர் கனுகாவை அழைத்து வந்தார். டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். நாடி நன்றாக இருக்கிறது, ஆபத்து ஒன்றும் இல்லை, மிதமிஞ்சிய பலவீனத்தால் வந்த நரம்புத் தளர்ச்சிதான் என்றார். அந்த வார்த்தை அவருக்குத் தைரியம் தரவில்லை. இரவு முழுவதும் தூங்காமல் கிடந்தார்.

பொழுது விடிந்தது. சாவு வரவில்லை. ஆனால் சாவின் நினைப்பு போகவில்லை. படிக்க முடியாது, பேசவும் தெம்பில்லை. ஆசிரமவாசிகள் கீதை படிக்க, கேட்டுக் கொண்டிருப்பார். பிறர் கையால் பணிவிடை வாங்கிக் கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல் இருப்பது ஒரு வாழ்வா என்ற எண்ணம் அவரை அரித்தது. வாழும் ஆசையே விட்டுப் போயிற்று. தென்னாப்பிரிக்காவில் அடிபட்டபோதும் சிறையில் இருந்தபோதும் வராத சோர்வு அது.

அந்த நிலையில் மராட்டியத்தைச் சேர்ந்த கேல்கர் என்பவர் வந்தார். எல்லா நோய்க்கும் பனிக்கட்டி என்பவர். அதனால் அவருக்கு ஐஸ் டாக்டர் என்றே பெயர். காந்திஜிக்கும் இப்படிப்பட்ட வைத்தியங்களில் ஒரு பிரியம் உண்டு. உடம்பெல்லாம் ஐஸ் வைக்கச் சம்மதித்தார். கொஞ்சம் பசி எடுத்தது. சில நிமிஷம் நடக்கவும் முடிந்தது. முட்டை சாப்பிடச் சொன்னபோது மட்டும் மறுத்துவிட்டார்.

காற்று மாறினால் நல்லது என்று நண்பர்கள் மாதேரான் மலைக்கு அனுப்பினார்கள். அங்கே தண்ணீர் ஒத்துக் கொள்ளவில்லை. ஆசனவாயில் வெடிப்பு கண்டு, மலம் கழிக்கும்போதெல்லாம் உயிர் போகும் வலி. சாப்பாட்டை நினைத்தாலே பயம். ஒரே வாரத்தில் மலையிலிருந்து பம்பாய்க்கு இறங்கிவிட்டார்.

பம்பாயில் சங்கர்லால் பாங்கர் அவருடைய உடம்புக்குக் காவலாளி ஆனார். டாக்டர் தலாலை அழைத்து வந்தார். தலால் வளவள என்று பேசுகிறவர் அல்ல. பால் சாப்பிடாமல் இந்த உடம்பைத் தேற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்.

பாலோ 1912-ல் விட்டது. மாடுகளைக் கடைசிச் சொட்டு வரை கறப்பதற்காகக் கறவைக்காரர்கள் செய்யும் கொடுமையைக் கேட்டு, டால்ஸ்டாய் பண்ணையில் நண்பர் காலன்பாக்குடன் சேர்ந்து எடுத்த விரதம் அது. டாக்டரிடம் காரணத்தைச் சொன்னார். கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டிருந்த கஸ்தூரிபா குறுக்கிட்டார். பசும்பாலும் எருமைப்பாலும்தானே ஆகாது, ஆட்டுப்பால் சாப்பிடலாமே என்றார். டாக்டரும் அதையே பிடித்துக் கொண்டார்.

காந்திஜி தோற்றுப் போனார். சபதம் எடுத்தபோது மனதில் இருந்தவை பசுவும் எருமையும்தான். ஆனால் சபதம் எல்லாப் பாலுக்கும் பொருந்தும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே ஆட்டுப்பால் குடித்தார். வாழும் ஆசை சத்தியத்தை வென்றுவிட்டது என்று பின்னாளில் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதினார். கணவரை ஆறு மாத காலமாக அணு அணுவாகச் சாகக் கண்டவர், தர்ம சூட்சுமம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! 1948-ல் மறையும் வரை காந்திஜி ஆட்டுப்பாலை விடவில்லை. அந்த உறுத்தலும் அவரை விட்டதாகத் தெரியவில்லை.

1919 ஜனவரியில் டாக்டர் தலால் பம்பாயில் ஆபரேஷன் செய்தார். வலி நின்றது. உடம்பு தேறியது, ஆனால் மனம் தேற உடம்பு மட்டும் போதுமா?

காந்திஜி வெகு நாளாகக் கைராட்டையைத் தேடிக் கொண்டிருந்தார். பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் கங்காபென் அதைக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார். காம்தேவி பகுதியில் லாபர்னம் ரோட்டிலுள்ள மணி பவன், பம்பாயில் அவர் வழக்கமாகத் தங்கும் ரேவாசங்கர் ஜவேரியின் வீடு. மெத்தைக்குப் பஞ்சு கொட்டுகிறவர் தினமும் அவருடைய ஜன்னலுக்குக் கீழே போவார். அவரைக் கூப்பிட்டுப் பஞ்சு கொட்டித் தரச் சொன்னார்கள். கேட்ட கூலி அதிகம்தான்; கொடுத்தார்கள். நோயாளியின் அறையில் ராட்டை சுற்ற ஆரம்பித்தது.

தான் குணமானதில் அந்தச் சத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று காந்திஜி நம்பினார். அது உடம்பில் செய்த வேலையைவிட மனதில் செய்த வேலைதான் அதிகம் என்பதையும் அவர் ஒப்புக் கொண்டார். கட்டிலில் இருந்தபடியே ஒரு வேலை நடப்பதைக் காண முடிந்தது. பணிவிடை வாங்குகிறவராக மட்டும் கிடந்தவருக்கு அது சின்ன விஷயம் அல்ல.

மறுபடி பத்திரிகை படிக்கத் தொடங்கினார். ரௌலட் கமிட்டியின் சிபாரிசுகள் கண்ணில் பட்டன. விசாரணை இல்லாமல் ஆட்களைச் சிறையில் வைக்கச் சர்க்காருக்கு அதிகாரம் தரும் யோசனைகள் அவை. உமர் சோபானியும் சங்கர்லாலும் எதிர்த்து நிற்க வேண்டும் என்றார்கள். 1919 பிப்ரவரி 24-ந் தேதி சபர்மதி ஆசிரமத்தில் ஒரு சிறிய கூட்டம் சேர்ந்து சத்தியாக்கிரகப் பிரதிக்ஞையில் கையெழுத்திட்டது.

மார்ச்சில் சென்னைக்கு வந்தார். கஸ்தூரிரங்க ஐயங்காரின் விருந்தினராகத் தங்கியிருப்பதாக நினைத்துக் கொண்டிருந்தார். சேலத்திலிருந்து வந்து சென்னையில் வக்கீல் தொழில் தொடங்கியிருந்த ராஜாஜியின் விருந்தினர் தாம் என்று இரண்டு நாள் கழித்து மகாதேவ தேசாய் சொல்லித்தான் தெரிந்தது. அவ்வளவு ஒதுங்கி நின்று உபசரித்தார் ராஜாஜி.

அப்போதும் உடம்பில் முழுப் பலம் இல்லை. நின்று பேசினால் உடல் நடுங்கும், நெஞ்சு படபடக்கும். எழுதிக் கொடுத்ததை வேறொருவர் படிப்பார். சென்னையில் இருக்கும்போதே ரௌலட் சட்டம் நிறைவேறிய செய்தி வந்தது. மறுநாள் விடியற்காலை, தூக்கமும் விழிப்புமாக இருந்த நேரத்தில் ஓர் எண்ணம் வந்ததாக ராஜாஜியிடம் சொன்னார். நாடு முழுவதும் ஒரே நாளில் வேலையை நிறுத்தி, உபவாசம் இருந்து, பிரார்த்தனை செய்ய வேண்டும்.

ஏப்ரல் 6-ந் தேதி அது நடந்தது. அன்று காலை பம்பாய் சௌபாத்தி கடற்கரையில் ஆயிரக்கணக்கானோர் கடலில் நீராடினார்கள். காந்திஜி அவர்களோடு இருந்தார். மாலையில் காரில் உட்கார்ந்தபடி, தடை செய்யப்பட்ட தமது புத்தகங்களை விற்றார். விலை நாலணா. ஒருவர் ஒரு பிரதிக்கு 50 ரூபாய் கொடுத்து வாங்கிக் கொண்டு போனார்.