கற்றுக்கொடுக்கப் போனவர் கற்றுக்கொண்டார்



இந்த மாதம் ஒரு மிஷனெரியின் வாழ்க்கையை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒரு காரியத்தை அறிக்கையிட வேண்டியிருக்கிறது.

எங்கள் சபைக்குப் பக்கத்தில் செங்கல் சூளையில் வேலை செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவங்க பிள்ளைகளுக்காக மாலைப் பள்ளி ஒன்று நடத்தினோம். வெளியிலிருந்து மாதாமாதம் வந்த காணிக்கையில் இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்தோம். பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுத்தோம். நான்கு வருஷம் நன்றாகத்தான் போயிற்று. திடீரென்று ஒரு மாதம் காணிக்கை நின்றுபோயிற்று. அடுத்த வாரமே பள்ளிக்குப் பூட்டு போட்டுவிட்டேன். கர்த்தர் இந்தக் கதவை அடைத்துவிட்டார் என்று சபையில் தைரியமாகச் சொன்னேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சூளைப் பக்கமாக நான் சைக்கிளில் போவதில்லை. சுற்றுவழியாகப் போனேன்.

இப்படி இருக்கும்போதுதான், வேதாகமக் கல்லூரியில் படித்த காலத்து நோட்டுப் புத்தகம் ஒன்று கையில் அகப்பட்டது. அதில் பிராங்க் லாபாக் என்கிற தேவமனிதரைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். பரீட்சைக்காக எழுதினது. அன்றைக்குத்தான் எனக்காக வாசித்தேன்.

தோற்றுப்போன ஊழியக்காரர்

பிராங்க் லாபாக் 1884-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் பென்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். நன்றாகப் படித்தவர். பிரின்ஸ்டனில் பட்டம், நியூயார்க்கில் இறையியல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். இத்தனையும் முடித்து, 1915-இல் மனைவி எஃபாவோடு பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு மிஷனெரியாகக் கப்பலேறினார்.

அந்தத் தீவுகள் அப்போது அமெரிக்காவின் ஆளுகையில் இருந்தன. 1901-இலேயே தாமஸ் என்ற கப்பலில் ஏறக்குறைய 500 அமெரிக்க ஆசிரியர்கள் வந்து இறங்கி, கிராமம் கிராமமாகப் பள்ளி நடத்தினார்கள். ஆனால் பாடமெல்லாம் ஆங்கிலத்தில். தெற்கே மின்டனாவோ தீவில், லனாவோ ஏரியைச் சுற்றி வாழ்ந்த மரனாவோ ஜனங்கள் அந்தப் பள்ளிகளைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். அவர்கள் இஸ்லாமியர். ஸ்பானியரையும் அமெரிக்கரையும் எதிர்த்துப் பல காலம் போரிட்டவர்கள். பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளைகளை மதம் மாற்றிவிடுவார்கள் என்று பயந்தார்கள். தாய்மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்களுக்குள் மிகவும் கொஞ்சம்.

லாபாக்கின் பாரமெல்லாம் இந்த ஜனங்கள்மேல்தான். ஆனால் அங்கே போவது ஆபத்து என்று தடுத்துவிட்டார்கள். வேறு இடங்களில் ஊழியம் செய்தார். மணிலாவில் இறையியல் கல்லூரி ஒன்றின் தலைவர் பதவிக்குத் தேர்தல் வந்தது. தனக்குத் தானே ஓட்டுப் போடுவது சரியல்ல என்று எண்ணி, எதிரில் நின்றவருக்குப் போட்டார். முடிவில் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார்! அந்தக் கசப்பு அவருக்குள் வெகுநாள் இருந்ததாம். நாமெல்லாம் மிஷனெரிகளை வானத்திலிருந்து இறங்கினவர்கள் மாதிரி நினைக்கிறோம். அவரும் பதவிக்காக மனம் புழுங்கின மனிதர்தான். கர்த்தர் அப்படிப்பட்டவரைத்தான் எடுத்தார்.

சிக்னல் குன்றின்மேல்

1929-இன் கடைசியில், 45-ஆவது வயதில், அவர் லனாவோ ஏரிக்கரையிலுள்ள டான்சாலன் ஊருக்குத் தனியாக வந்து சேர்ந்தார். குடும்பம் தூரத்தில் வடக்கே பாகியோவில் இருந்தது. ஊரில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. அவரை நம்புவாரும் இல்லை. சாயங்காலமானால் டிப் என்ற நாயைக் கூட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த சிக்னல் குன்றின்மேல் ஏறி ஜெபம் பண்ணுவார்.

அப்படி ஒருநாள் உடைந்துபோய் ஜெபித்துக்கொண்டிருந்தபோது கர்த்தர் அவர் குறையை உணர்த்தினார். ஜனங்கள் கடினமானவர்கள் என்பதல்ல காரணம். தான் வெள்ளைக்காரன், தான் மேலானவன் என்ற எண்ணம் உள்ளே இருந்தது. அதனால்தான் அவர் அன்பு அவர்களைப் போய்ச் சேரவில்லை. தன் விசுவாசத்தை அவர்கள் நியாயமாகப் பார்க்க வேண்டுமானால், அவர்களுடையதை அவர் நியாயமாகப் பார்க்க வேண்டும் என்றும் உணர்ந்தார்.

குன்றிலிருந்து இறங்கினவர் என்ன செய்தார் தெரியுமா? ஊரிலிருந்த இமாம்களிடம் போய், உங்கள் வேதத்தை எனக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார். அவர்கள் ஆச்சரியப்பட்டுப் போனார்கள். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

சிலருக்கு இது இடறலாகத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவர் தன் ஆண்டவரை விட்டுவிடவில்லை. 1930 ஜனவரி முதல், ஒவ்வொரு நிமிஷமும் தேவனை நினைத்திருக்க வேண்டும் என்று பழகத் தொடங்கினவர் அவர். அந்த அனுபவங்களைத் தகப்பனாருக்குக் கடிதமாக எழுதினார். அவை 1937-இல் புத்தகமாயின. கிறிஸ்துவோடு அவ்வளவு நெருங்கி இருந்தவர்தான் அயலாருடைய பாயில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளத் துணிந்தார். சீஷர்களுடைய கால்களைக் கழுவக் குனிந்தவரின் பின்னே போகிறவருக்கு அது குறைச்சலா?

மூன்று சொற்கள்

அவர்களோடு உட்கார்ந்து அவர்கள் மொழியைக் கற்றார். பிலிப்பினோ ஆசிரியர் டொனாட்டோ காலியாவும் அவருடன் உழைத்தார். மரனாவோ மொழியை எளிய ரோமன் எழுத்தில் எழுத வழி செய்தார்கள். பிறகு அந்த மொழியின் மெய்யொலிகளை மூன்றே சொற்களுக்குள் அடக்கி ஒரு அட்டை தயாரித்தார்கள். அந்தச் சொற்களைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தால் புதுச் சொற்கள் வரும். வயதான ஆட்கள்கூட சில மணி நேரத்திலேயே எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்தார்கள். வாசிக்கப் பத்திரிகையும் அச்சடித்துக் கொடுத்தார்.

அவர் கற்பித்த விதத்தையும் கவனியுங்கள். மாணவனுக்கு எதிரே நிற்கக் கூடாது, பக்கத்தில் உட்கார வேண்டும். அவனுக்குத் தெரியாததைக் கேள்வியாகக் கேட்கக் கூடாது. தவறு செய்தால் கடிந்துகொள்ளக் கூடாது, சரியாகச் சொன்னால் பாராட்ட வேண்டும். எழுத்தறியாத பெரியவரை ராஜாவைப் போல மதிக்க வேண்டும். நம் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் இதை ஒரு அட்டையில் எழுதி மாட்டிக்கொள்ளலாம்.

பணம் நின்றபோது

இப்போதுதான் என்னைக் குத்தின இடம் வருகிறது. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி ஏற்பட்டது. சபைகளிலிருந்து வந்த பணம் குறைந்துபோயிற்று. கற்றுக்கொடுத்தவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை. லாபாக் ஆசிரியர்களையும் ஊர்த்தலைவர்களையும் கூட்டி, கனத்த இருதயத்தோடு உண்மையைச் சொன்னார். பள்ளி முடிந்தது என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும்.

அந்தக் கூட்டத்தில் காக்காய் டகலங்கிட் என்ற மரனாவோ தலைவர் எழுந்தார். இது எங்கள் ஜனத்துக்குக் கிடைத்த ஒரே நம்பிக்கை, இதை நிறுத்த விடமாட்டேன் என்றார். படித்தவன் ஒவ்வொருவனும் இன்னொருவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், கொடுக்காதவனைக் கொன்றுபோடுவேன் என்றும் சொன்னார்! கொல்லுவேன் என்றதை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வைராக்கியத்தை எடுத்துக்கொள்வோம். யாரும் சாகவில்லை, எல்லாரும் கற்றுக்கொடுத்தார்கள். ஒருவர் ஒருவருக்குக் கற்பிப்போம் என்று பின்பு உலகமெங்கும் பரவின முறை இப்படித்தான் பிறந்தது. பணம் இருந்தவரைக்கும் அது மிஷன் பள்ளி. பணம் நின்றபோது அது ஜனங்களுடைய பள்ளியாயிற்று.

1935-இல் தொடங்கி லாபாக் தேசம் தேசமாகப் போனார். நம் இந்தியாவுக்கும் வந்தார். இந்தியாவின் எழுத்தறிவைப் பற்றி 1940-இல் ஒரு புத்தகமே எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில், முந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகளில் பாட அட்டைகள் உண்டாக உழைத்தார். 1970 ஜூன் 11-ஆம் தேதி, 85-ஆவது வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். 1984-இல் அமெரிக்க அரசு அவர் உருவத்தோடு 30 சென்ட் தபால்தலை வெளியிட்டது.

டான்சாலன் ஊருக்கு 1956-இல் மராவி என்று பெயர் மாறிற்று. 1950-இல் அங்கே தொடங்கப்பட்ட டான்சாலன் கல்லூரியை, 2017 மே 23-ஆம் தேதி தீவிரவாதிகள் தீ வைத்து எரித்தார்கள். வாசித்தபோது மனம் கலங்கிற்று. கட்டடத்துக்குத் தீ வைக்க முடியும். ஆனால் ஒரு தகப்பன் வாசிக்கக் கற்று, மகனுக்குச் சொல்லிக்கொடுத்து, அவன் தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால், அதை யார் எரிக்க முடியும்?

பிரியமானவர்களே, அந்த நோட்டை மூடிவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். எங்கள் மாலைப் பள்ளியின் கதவை அடைத்தது கர்த்தரா, நானா? என்னிடம் காணிக்கைதான் இல்லாமல் போனது. நான்கு வருஷம் படித்த பிள்ளைகள் இருந்தார்களே! அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? அவர்கள் தாய் தகப்பனிடம் கேட்டேனா? கொடுக்கிறவன் நான், வாங்குகிறவர்கள் அவர்கள் என்ற எண்ணம் எனக்குள்ளும் உட்கார்ந்திருந்தது.

அந்த வாரமே உபவாச ஜெபத்தில் சபைக்கு முன்பாக மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் நேர்வழியாகச் சூளைக்குப் போய், அந்தத் தாய்மார்களிடமும் கேட்டேன். முன்பு நம்மிடம் படித்து, இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிற ஒரு பிள்ளை, நான் சொல்லித்தரேன் ஐயா என்று முன்வந்தாள். வேப்பமரத்தடியில் மறுபடியும் உட்காருகிறோம். சம்பளம் இல்லை, சுண்டலும் தினமும் இல்லை. இப்போதைக்கு ஆறு பேர்தான் வருகிறார்கள். ஏழாவதாக நானும் பாயில் உட்காருகிறேன். அவர்கள் வீடுகளில் பேசுகிற தெலுங்கை எனக்குச் சொல்லித்தருகிறார்கள். நான் தப்பாகச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

உங்கள் சபையிலும் பணம் இல்லை என்று பூட்டின ஒரு கதவு இருக்கிறதா? சாவி யார் கையில் இருக்கிறது என்று கர்த்தரிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் ஆறு பிள்ளைகளுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.